தொண்ணூறு நொடிக் கேடயம்

தாம்பரத்திலிருந்து சேலையூர் போகும் கேம்ப் ரோட்டில், ஒரு பள்ளிக்கூடத்துக்கும் டைல்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது தென்புறநகர் மருத்துவ ஊர்தி ஒருங்கிணைப்பு மையம். அதன் சர்வர் ஒருமுறைகூட நின்றதில்லை. வாசலில் நுழைந்ததும் முகத்தில் அடிக்கும் பெரிய திரையே அதற்குச் சாட்சி: 'இடைவிடாத சேவையில் 2,214ஆம் நாள்.' வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம், சர்வர் மல்லாந்து விழும் என்பது உண்மைதான். ஆனால் தொண்ணூறு நொடிக்குள் எழுந்துவிட்டால் அது விழுந்ததாக ஆகாது என்று மையத்தின் விதி சொல்கிறது. விதி சொன்னபிறகு விழுந்தவனே சொன்னாலும் எடுபடாது.

இந்தத் தொண்ணூறு நொடிக்காக மையத்துக்கு ஒரு கேடயம் கிடைத்திருந்தது. கொடுத்தது 'அகில இந்திய இடையறாச் சேவையாளர் பேரவை' என்ற அமைப்பு. அதன் பெயரை அதற்கு முன்னாலோ பின்னாலோ யாரும் கேள்விப்பட்டதில்லை. கண்ணாடியில் செய்த கேடயம். நடுவில் இருப்பது கழுகா, தீச்சுடரா என்பதில் ஊழியர்களிடையே இரு கட்சிகள் உண்டு. இயக்குநர் ராஜகோபால் தினமும் காலையில் அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார்.

கேடயத்தைக் காப்பாற்றும் பொறுப்பு செக்யூரிட்டி துரையுடையது. சர்வர் அறை வாசலில் அவருக்கு ஒரு ஸ்டூல், கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச், சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான். சர்வர் விழுந்தால் மணி அடிக்கும். அடித்ததும் துரை பொத்தானை அமுக்கி சர்வரை அணைத்து எழுப்ப வேண்டும். எழுந்ததும் பதிவேட்டில் 'நிகழ்வு எதுவுமில்லை' என்று ஏற்ற வேண்டும். அவர் இதுவரை முந்நூற்றுச் சொச்சம் முறை அப்படி ஏற்றியிருக்கிறார்.

தீனா இந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்பவன். ஒப்பந்தப் பணி. அடையாள அட்டையில் 'சிஸ்டம்ஸ்' என்று போட்டிருக்கும். ஃபேன் ஓடவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், ஓடினால் ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது என்றும் கூப்பிடுவார்கள். முப்பத்தாறு வயதில் முன்மண்டை பாதி காலி. மீதிப் பாதியும் இந்தக் கதையில் போகப் போகிறது.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையில் பழைய மிக்ஸி ஒன்றுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் அப்படியே சரிந்தார். மகன் மையத்துக்குப் போன் போட்டார். எடுத்தது ரோஸி. பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊரின் பதற்றத்தையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டவள்.

"பதறாதீங்க. மூச்சு வருதா பாருங்க. சந்தையில எந்தப் பக்கம்?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் திரை உறைந்தது. லைன் அறுந்தது. மணி அடித்தது. துரை அமுக்கினார். எண்பத்தாறு நொடியில் சர்வர் தூங்கி எழுந்த குழந்தைபோல முழித்தது. ஆனால் அந்த அழைப்பு அதன் ஞாபகத்தில் இல்லை. நம்பரும் இல்லை.

ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்திருக்கலாமே என்பீர்கள். மையம் காகிதமில்லா அலுவலகம். அதற்கும் ஒரு கேடயம் உண்டு, கொஞ்சம் சின்னது. காலையில் உள்ளே வரும்போதே துரை எல்லாருடைய பேனாவையும் வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்துவிடுவார்.

மகன் ஆட்டோ தேடி, அந்த நெரிசலில் ஒன்றும் கிடைக்காமல், மறுபடி போன் போட்டு, வண்டி போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. பெரியவர் பிழைத்தார். வலது கையும் பேச்சும் போய்விட்டன. மகன் புகார் எழுதினார்.

மையம் புகாரை ஆராய்ந்தது. ஒன்று, சர்வர் விழுந்திருக்க வேண்டும். அல்லது ரோஸி போனை எடுக்காமல் இருந்திருக்க வேண்டும். முதலாவது நடக்க வாய்ப்பில்லை என்று வாசல் திரையிலேயே எழுதியிருந்தது. ரோஸி இடைநீக்கம் செய்யப்பட்டாள். கையில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அதன்படி, இடைநீக்கத்தில் இருப்பவர் தினமும் ஒன்பதிலிருந்து ஆறுவரை வந்து, கேடயத்துக்குக் கீழே போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். அவர் சும்மா இருக்கிறார் என்பதை மையம் உறுதி செய்துகொள்ள வேண்டுமல்லவா.

விசாரணை அதிகாரியாக வந்தவர் சத்யநாராயணன். ஓய்வுபெற்றவர். ஒரு தண்ணீர் கேன் காணாமல் போன வழக்கைப் பதினான்கு மாதம் விசாரித்து, கேன் இருந்ததே இல்லை என்று நிரூபித்த அனுபவம் உள்ளவர்.

"உறைந்தது என்பது உங்கள் கூற்று. உறைந்ததற்கு ஆவணம்?" என்றார் ரோஸியிடம்.

"நான் பார்த்தேன் சார்."

"நீங்கள் ஆவணமல்ல."

சாட்சியாக ஓரமாக நின்றிருந்த தீனா அங்கேதான் வாயைத் திறந்தான். பாவம், உதவி செய்யத்தான் திறந்தான். "சார், சர்வர் விழுந்தா ஒரு கோப்பு வரும் சார். டம்ப்னு சொல்லுவோம். சாகறதுக்கு முன்னாடி அது என்னென்ன நெனச்சிட்டிருந்ததோ எல்லாத்தையும் அதுல கொட்டிரும். மரண வாக்குமூலம் மாதிரி."

சத்யநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால், விழுந்தால் அந்தக் கோப்பு இருக்கும்."

"ஆமா சார்."

"கோப்பு இல்லாவிட்டால் விழவில்லை. மிக நல்லது. சாட்சியே ஒப்புக்கொண்டதாகத் தட்டச்சு செய்யுங்கள்."

தீனா ஓடிப்போய்த் திறந்து பார்த்தான். டம்ப் விழ வேண்டிய இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றையது மட்டுமல்ல, ஆறு வருஷத்தில் விழுந்த முந்நூற்றுச் சொச்சத்தில் ஒன்றுக்குக்கூடக் கோப்பு இல்லை. ரோஸியைக் காப்பாற்றப் போய் அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது தான்தான் என்பது அவனுக்கு அப்போது உறைத்தது. அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தவன் அப்படியே மூடி வைத்தான்.

"சாப்பிடு தீனா," என்றாள் ரோஸி, கேடயத்தடி நாற்காலியிலிருந்து. "நீ பட்னி கெடந்தா சர்வருக்கு ஞாபகம் வந்துருமா?"

"சாரிக்கா."

"சாரி வேணாம். கோப்பு வேணும். என் பொண்ணு பிளஸ் டூ. நாளைக்கு எதுக்கு வேலை போச்சுன்னு கேட்டா, போனே எடுக்கலன்னு சொன்னாங்கன்னு நான் அவகிட்ட எப்டிச் சொல்றது?"

கோப்பு ஏன் வரவில்லை என்று தீனா தோண்ட ஆரம்பித்தான். சர்வர் விழும்போது, நினைவகத்தில் ஓரமாக ஒதுக்கி வைத்த சின்ன இடத்தில் ஒரு குட்டி கர்னல், அதாவது சர்வரை ஓட்டும் மூல நிரலின் சின்னப் பிரதி, எழுந்து வரும். செத்த பெரிய கர்னலின் நினைவுகளை வன்வட்டில் எழுதி வைத்துவிட்டு, பிறகு எல்லாரையும் எழுப்பும். இங்கே அந்த ஒதுக்கிய இடமே இல்லை. ஏன் இல்லை என்று பழைய கோப்புகளைப் புரட்டினால், தணிக்கைக் குறிப்பு ஒன்று கிடைத்தது: 'நினைவகத்தின் ஒரு பகுதி பல ஆண்டுகளாக ஒருவராலும் பயன்படுத்தப்படாமல் முடங்கிக் கிடக்கிறது. உடனடியாகப் பணியில் ஈடுபடுத்தவும்.' ஈடுபடுத்திவிட்டார்கள். வாசல் திரையை ஓட்டும் நிரலுக்கு அந்த இடம் போயிருந்தது.

திரும்ப ஒதுக்க வேண்டுமென்று தீனா எழுதிய குறிப்பு, சும்மா கிடக்கப்போகிற ஒன்றுக்கு எதற்கு இடம் என்ற கேள்வியோடு மூன்று முறை திரும்பி வந்தது. நான்காம் முறை அவன் உள்ளடக்கத்தைத் தொடாமல் தலைப்பை மட்டும் மாற்றினான்: 'இயக்குநர் ஒதுக்கீடு.' அரைமணி நேரத்தில் ராஜகோபால் கூப்பிட்டார்.

"எவ்ளோ போட்டிருக்கே?"

"ஐநூத்திப் பன்னெண்டு எம்பி சார்."

"எனக்கு முன்னாடி இருந்தவருக்கு?"

"அவருக்கு இல்ல சார்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. "இருந்தாலும் ஒரு டைரக்டருக்கு ஐநூறுன்னா பாக்க நல்லாவா இருக்கு? ஒரு ஜிபியா போடு," என்று கையெழுத்திட்டார்.

மாற்றம் அமலுக்கு வர ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். அதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை, வெள்ளிக்கிழமை வந்தால் துரையே செய்துவிடுவார். செய்தார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சர்வர் மறுபடி விழுந்தபோது தீனா அறைக்குள்ளேயே இருந்தான். குட்டி கர்னல் எழுந்தது. எழுத ஆரம்பித்தது. ஒரு சதவீதம். மூன்று. ஏழு. பழைய வட்டு, நெல் குத்துகிற மாதிரி முக்கி முனகி எழுதியது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் துரை பொத்தானை அமுக்கினார்.

"அண்ணா! இன்னாண்ணா பண்றே நீ! எழுதிட்டிருந்துச்சுண்ணா!"

"மணி அட்ச்சா அமுக்குன்னு சொல்லிகீறாங்க. நான் அமுக்கினேன். எழுதிகினு கீதா படிச்சிகினு கீதான்னு எனக்கின்னா தெரியும்? உள்ளாற பூந்து பாக்க நான் இன்னா டாக்டரா?"

அத்தனை வருஷத்து ரகசியமும் அந்தச் சிவப்புப் பொத்தானுக்குள் இருந்தது. தீனா கணக்குப் போட்டுப் பார்த்தான். டம்ப் முழுசாக எழுதி முடிய பதினோரு நிமிடம் வேண்டும். மையம் அதை ஒருமுறைகூட நிம்மதியாகச் சாக விட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை, ஏழு சதவீதக் கோப்பை சத்யநாராயணனிடம் கொண்டுபோனான். பெயரிலேயே 'முற்றுப்பெறாதது' என்று இருந்தது.

"முற்றுப்பெறாத மரணத்தை நான் எந்தத் தலைப்பில் ஏற்பது?" என்றார் அவர் நிஜமான வருத்தத்தோடு. "வரும் திங்கட்கிழமை இறுதி அமர்வு. முழுசாகச் செத்ததற்குச் சான்று கொண்டுவாருங்கள்."

தீனா ராஜகோபாலிடம் போய் நின்றான். ஒரே ஒரு தடவை, பதினோரு நிமிடம், பொத்தானை அமுக்காமல் விட வேண்டும். ராஜகோபால் அவனை உட்காரச் சொன்னார். ஒப்பந்தப் பணியாளனை அவர் உட்காரச் சொன்னால், உபதேசம் என்று அர்த்தம்.

"தீனா, நான் முன்னாடி விதைப் பண்ணையில இருந்தவன். அங்க மொளைச்ச விதைக்கு ரிஜிஸ்டர் உண்டு. மொளைக்காத விதைக்கு ரிஜிஸ்டர் கெடையாது. அதனால என் காலத்துல அந்தப் பண்ணையில மொளைக்காத விதையே கெடையாது. மூணு வருஷம், நூத்துக்கு நூறு. சிஸ்டம்னா அதான்யா. நீ என்னடான்னா மொளைக்காததுக்கு ஒரு ரிஜிஸ்டர் தொறக்கச் சொல்றே."

"சார், ரோஸி அக்கா வேலை போயிரும் சார்."

"போகக்கூடாதுன்னுதான் நானும் சொல்றேன். நல்ல பொம்பளை. ஆனா பதினோரு நிமிஷம் சர்வரைச் சாக விட்டா, அந்த நேரத்துல போன் பண்றவன் கதி என்ன? மனுஷ உசுரு இல்லையாய்யா?"

"தொண்ணூறு நொடியிலயும் போன் பண்றாங்க சார்."

"தொண்ணூறு நொடி விதியில இருக்கு. அதுல யாருக்கும் ஒண்ணும் ஆகாது." பிறகு மனமிரங்கி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். காகிதமில்லா அலுவலகத்தில் இயக்குநர் அறை மட்டும் விலக்கு. 'எதிர்பாராத நிறுத்தத்துக்கு முன் அனுமதி கோரும் விண்ணப்பம்.' பதினைந்து நாள் முன்னதாகத் தர வேண்டும். நின்றுபோகும் தேதி, நேரம், காரணம் மூன்றும் கட்டாயம்.

"காரணம் தெரியாமத்தானே சார் டம்ப் கேக்கறேன்?"

"தெரியாதுன்னா ஃபார்ம் இன்கம்ப்ளீட்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா டம்ப் எதுக்கு?" என்றார் ராஜகோபால். அவர் கிண்டல் செய்யவில்லை. அவர் வாழ்நாளில் கிண்டல் செய்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமைக்கு முன் மிச்சமிருந்த ஒரே வெள்ளிக்கிழமை. தீனா மத்தியானம் ரோஸியின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து திட்டத்தைச் சொன்னான். இன்றைக்குச் சர்வர் விழுந்தால் பதினோரு நிமிடம் விட்டுவிடப் போகிறான். வருவது வரட்டும்.

ரோஸி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "அந்தப் பதினோரு நிமிஷம் போன் பண்றவங்க?"

"அக்கா..."

"என் வேலைக்காக இன்னொருத்தருக்கு வாய் கோணக்கூடாது தீனா. எனக்கு வேணாம். விட்ரு."

பேசியதைக் கேட்டும் கேட்காதது மாதிரி கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துரை, துணியை உதறினார். "அதுங்க எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும்."

"எதுங்க?"

"போனுங்க. மணி அட்ச்சதும் ஸ்டோர் ரூமுக்குள்ளாற ஒரு போன் அடிக்குது. வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம. நான் பேய்னு நெனச்சிகினு அந்தாண்ட போறதில்ல. எனக்கு இன்னாத்துக்குப்பா பேஜாரு."

மூவரும் போய், துரையின் சாவிக்கொத்தால் ஸ்டோர் ரூமைத் திறந்தார்கள். உடைந்த நாற்காலிகள், பழைய பேனர்கள், பறிமுதல் செய்த பேனாக்கள் ஒரு மூட்டை. அதற்கு அடியில் தூசி படிந்த ஒரு தொலைபேசி. சர்வர் இல்லாதபோது அழைப்புகள் வந்து சேரட்டும் என்று ஆறு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு புத்திசாலி மாட்டி வைத்திருந்தான். யாரோ அதைவிடப் புத்திசாலி அறையைப் பூட்டியிருந்தான். பெரியவரின் மகன் அன்றைக்கு அந்த நொடிகளில் மறுபடி போன் போட்டிருந்தால், அது இங்கேதான் அடித்திருக்கும். ரோஸி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். டயல் டோன் வந்தது.

"ஓட்டுநருங்க நம்பரெல்லாம்?" என்றான் தீனா.

"பன்னெண்டு வருஷமா கூப்பிட்டிருக்கேன்டா. தூக்கத்துல கேளு, சொல்றேன்." பிறகு துரையைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க?"

துரைக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். "நான் டீ குடிக்கப் போவணும். எப்பப் போவேன்னு சொல்ல முடியாது. டீ சூடா இருந்துதுன்னா ஆத்திக் குடிக்கப் பதினோரு நிமிசம் ஆவும்."

சாயங்காலம் ஆறு பத்துக்கு மணி அடித்தது. துரை டீக்கடையில் இருந்தார். ஹாலில் ஆறு பணியாளர்கள், திரை உறைந்தால் கை கட்டி அமர வேண்டும் என்ற விதிப்படி, கை கட்டி அமர்ந்தார்கள். ஸ்டோர் ரூமில் போன் அடித்தது. மூட்டையிலிருந்து ஒரு பேனாவை உருவிய ரோஸி எழுத இடம் தேடினாள். கைப்பையில் இருந்த ஒரே காகிதம் அவளுடைய குற்றச்சாட்டுக் குறிப்பாணை. திருப்பிப் போட்டாள்.

"சொல்லுங்க. பதறாதீங்க. கேம்ப் ரோட்ல எங்க? ஸ்கூலுக்கு முன்னாடியா தாண்டியா? ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க. லைன் அறுந்தா இந்த நம்பருக்குப் போடுங்க, என் சொந்த நம்பர்..."

அடுத்தது கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு பெண், தங்கைக்குப் பிரசவ வலி. "லேஅவுட்டா? எந்த லேஅவுட்டு? அங்க பூரா லேஅவுட்டுதான்மா. வாட்டர் டேங்க் தெரியுதா? டேங்குக்குக் கீழ வந்து நில்லுங்க, என் நம்பரையும் குறிச்சுக்குங்க." பல்லாவரத்தில் மூச்சுத்திணறல். ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்த ஒரு கல்லூரிப் பையன். ஒரு காதில் தொலைபேசி, இன்னொரு காதில் செல்போன். "மோகன்ராஜ், எங்க இருக்கே? சாப்பாட்டை அப்புறம் சாப்டுக்கோ, வண்டியை எடு."

அந்தப் பக்கம் சர்வர் அறையில் தீனா தனியாக நின்று, ஒரு பிணத்தின் பக்கத்தில் முதல் முறையாக, அது எழுந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தான். தொண்ணூறு நொடி கடந்தது. வானம் இடிந்து விழவில்லை. நாற்பது சதவீதம். எழுபது. தொண்ணூற்று எட்டில் போய் ஒரு முழு நிமிடம் நின்றது, அங்கேதான் முன்மண்டையின் மிச்சமும் போயிருக்க வேண்டும். ஆறு இருபத்தொன்றுக்கு முடிந்தது. சர்வர் தானாகவே எழுந்தது. ஆறரைக்குள் நான்கு வண்டிகளும் போய்ச் சேர்ந்திருந்தன. கேம்ப் ரோட்டுக்கு ஆறு நிமிடம். கூடுவாஞ்சேரிக்குப் பதினான்கு. மையத்தின் சராசரி இருபத்திமூன்று.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து தீனா கோப்பைப் பிரித்துப் படித்தான். சர்வரைக் கொன்றது யாரென்று கடைசி வரியில் இருந்தது. வாசல் திரை. 'இடைவிடாத சேவையில் இத்தனையாவது நாள்' என்று காட்டும் நிரல், வெள்ளிக்கிழமை தோறும் வாரப் பெருமையைக் கூட்டிப் பார்க்கும்போது, தனக்கில்லாத இடத்தில் கை வைத்து ஒட்டுமொத்தச் சர்வரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. விழுந்ததே இல்லை என்று எண்ணுகிற எண்ணிக்கைதான் அதைத் தள்ளிவிட்டிருந்தது. தீனா அதை மூன்று தடவை சரிபார்த்தான். சிரிக்கலாமென்று பார்த்தான், வரவில்லை.

திங்கட்கிழமை இறுதி அமர்வு. ராஜகோபாலும் வந்திருந்தார். தீனா பென் டிரைவை மேசையில் வைத்தான்.

"இது என்ன?" என்றார் சத்யநாராயணன்.

"டம்ப் சார். முழுசா."

"அச்செடுத்து மூன்று நகல்கள், பக்க எண்ணுடன். ஒவ்வொரு பக்கத்திலும் சான்றொப்பம்."

"கோடிக்கணக்குல பக்கம் வரும் சார். இது காகிதமில்லா அலுவலகம்னு..."

"அலுவலகம் காகிதமில்லாதது. விசாரணை அப்படியல்ல."

தீனா நூறு பக்கம் அச்செடுத்து வந்திருந்தான். சத்யநாராயணன் முதல் பக்கத்தை ஆள்காட்டி விரலால் வரிவரியாகத் தடவினார். எண்ணும் எழுத்துமாக எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. "மரண வாக்குமூலம் என்றீர்கள். செத்தவர் தெளிவாகப் பேசவில்லையே."

அப்புறம் தீனா கடைசி வரியைப் படித்துக் காட்டி, வாசல் திரையைப் பற்றிச் சொன்னான். ராஜகோபால் தொண்டையைச் செருமினார்.

"முதல்ல தீனாவை நான் பாராட்டறேன். பிரமாதமான உழைப்பு. இப்ப நான் பேசறது மையத்துக்காக. இந்தக் கோப்பு போன வெள்ளிக்கிழமை சர்வர் விழுந்துச்சுன்னு காட்டுது. ஒத்துக்கறேன். குற்றச்சாட்டு பிப்ரவரி வெள்ளிக்கிழமையைப் பத்தி. அன்னைக்குக் கோப்பு எங்க?"

"அன்னைக்குப் பொத்தானை அமுக்கிட்டாங்க சார்."

"அமுக்கினதால விழல. நான் அதைத்தானே ஆறு வருஷமா சொல்றேன்?" அவர் ரோஸியின் பக்கம் திரும்பினார். குரலில் அப்பாவின் வாத்சல்யம். "இன்னொண்ணும்மா. போன வெள்ளிக்கிழமை சர்வர் இல்லாமலே நீ நாலு பேருக்கு வண்டி அனுப்பிச்சிருக்கே. அருமை. அப்படின்னா பிப்ரவரியிலயும் உன்னால முடிஞ்சிருக்கும். ஏன் செய்யல?"

"அன்னைக்குப் பேனா வெளியே இருந்துச்சு சார். போன் பூட்டின ரூம்ல இருந்துச்சு," என்றாள் ரோஸி.

"பூட்டின ரூமை இப்ப மட்டும் யார் தொறந்தா?"

துரை சுவரோடு சுவராக நின்றார்.

சத்யநாராயணன் குறிப்பாணையைக் கேட்டு வாங்கினார். பின்பக்கத்தில் நான்கு முகவரிகள், நான்கு நம்பர்கள், ஓரத்தில் 'டேங்க் கீழ' என்று கிறுக்கல். "அரசாங்க ஆவணத்தில் எழுதியிருக்கிறீர்கள்," என்றார். "இதைச் சேர்க்காமல் விட என் மனசாட்சி இடம் தராது."

உத்தரவுகள் அந்த வாரத்திலேயே வந்தன. மையம் எப்போதாவது வேகமாக வேலை செய்யும். ரோஸி பணிநீக்கம்: அழைப்பை எடுக்காதது ஒன்று, அனுமதியின்றி அழைப்பை எடுத்தது இரண்டு, ஆவணத்தைக் கெடுத்தது மூன்று. துரை கூடுவாஞ்சேரி குடோனுக்கு மாற்றம். தீனாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இயக்குநர் ஒதுக்கீடு அப்படியே தொடர்ந்தது, ஆனால் அதில் எதுவும் எழுதக் கூடாது என்று தடை. போன வெள்ளிக்கிழமையின் பதினோரு நிமிடம் 'திட்டமிட்ட பராமரிப்பு' என்று பதிவானது. நான்கு வண்டிகளும் குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது மையத்தின் வரலாற்றிலேயே சிறந்த சாதனையாகப் பேரவைக்கு அனுப்பப்பட்டது. அடுத்த கேடயத்துக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், உத்தரவில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு ரோஸியும் தீனாவும் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவு வழியாகத் திரை தெரிந்தது.

"2,256," என்று படித்தாள் ரோஸி. "நம்ம ரெண்டு பேரும் போயும் நாள் மட்டும் கூடிட்டே போகுது பாரு."

"நான் வாயைத் தொறக்காம இருந்திருக்கலாம்க்கா."

"ஆமா, இருந்திருக்கலாம்," என்றாள் அவள், மழுப்பாமல். பிறகு தன் பிஸ்கட்டில் ஒன்றை அவன் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். "தின்னு. உன் மண்டையைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கு."

ஆறு பத்துக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. டீக்கடைவரை கேட்டது. திரை ஒரு கணம் இருண்டது. புது செக்யூரிட்டி சுறுசுறுப்பானவர் என்று சொல்லிக்கொண்டார்கள், எழுபது நொடியிலேயே எழுப்பிவிடுகிறாராம்.

ரோஸியின் செல்போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ரோஸி அக்காவா? கூடுவாஞ்சேரி வாட்டர் டேங்க் வீட்ல நம்பர் குடுத்தாங்க. அங்க போன் போட்டா கட்டாயிப் போவுதுக்கா. எங்க மாமனாருக்கு நெஞ்சு..."

"பதறாதீங்க," என்றாள் ரோஸி. உட்கார்ந்த வாக்கிலேயே பணிநீக்க உத்தரவைத் திருப்பி பெஞ்சின்மேல் போட்டாள். நல்லவேளையாக ஒரு பக்கம்தான் அச்சடித்திருந்தார்கள். "மூச்சு வருதா பாருங்க. எந்தத் தெரு?"

சொல்லிக்கொண்டே தீனாவின் பக்கம் கையை நீட்டினாள். வெளியே வரும்போது டோக்கனைக் கொடுத்துத் திருப்பி வாங்கிய பேனா அவன் சட்டைப் பையில் இருந்தது. அவன் மூடியைக் கழற்றிக் கொடுத்தான்.